கணக்கில் வராத துயரம்

ஓர் ஊரின் பெயர் வசைச்சொல்லாக மாறுவது அரிது. சென்னை நகரின் கீழ்ப்பாக்கத்துக்கு அந்தத் துரதிருஷ்டம் நேர்ந்தது. “உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பவேண்டும்” என்று ஒருவரை ஒருவர் கேலி செய்யும் வழக்கம் நம் திண்ணைகளிலும் திரைப்படங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அப்படிச் சொல்லிச் சிரிப்பவர்களில் எத்தனை பேர், அங்கே இருப்பது ஒரு மருத்துவமனை என்பதையும், அதன் வரலாறு இருநூறு ஆண்டுகளைத் தாண்டியது என்பதையும் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? மனநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் ஓர் உயர்ந்த மதிற்சுவரும் ஓர் இரும்புக் கதவும் எழுந்து நிற்கின்றன. இந்தச் சித்திரம் எவ்வாறு உண்டாயிற்று? இது முழு உண்மைதானா? இவ்விரண்டு வினாக்களுக்கும் நம் நாட்டு வரலாற்றிலிருந்து விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். மதிலுக்குள் சென்றவர்கள் மிகச் சிலர். மதிலுக்கு வெளியே, தத்தம் வீடுகளிலேயே, உழுதுகொண்டும் நெய்துகொண்டும் சமைத்துக்கொண்டும் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டும் மனநோயால் வருந்தியவர்கள் மிகப் பலர். முன்னவர்கள் ஊராரின் கண்ணில் பட்டார்கள். அதனால் அரசாங்கத்தின் ஏட்டிலும் இடம் பெற்றார்கள். பின்னவர்கள் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. அதனால் நெடுங்காலம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

மேலே செல்லுமுன் ஒரு விளக்கம் தேவை. மனநோய்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. இல்லாத குரல் காதில் ஒலிப்பதும், காரணமின்றி யாவரையும் பகைவராக நினைப்பதும் போன்ற குறிகளை உடையவை கடும் மனநோய்கள். இவை நூற்றில் ஓரிருவருக்கே வருவன. இவற்றினும் பன்மடங்கு மிகுதியானவை மனச்சோர்வு நோயும் பதற்ற நோயும் ஆகும். மருத்துவர்கள் இவற்றைப் பொதுவான மனநலக் குறைகள் என்று வழங்குகின்றனர். துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உற்றார் இறந்தால் அழுகிறோம், தேர்வில் தவறினால் வாடுகிறோம், நாளடைவில் தேறுகிறோம். அது இயற்கை. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருப்பது, முன்பு விரும்பிய எதிலும் நாட்டமில்லாமை, உறக்கமும் பசியும் கெடுவது, உடல் அசதி, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து வந்து ஒருவருடைய அன்றாட வேலையைக் கெடுக்குமானால், அது நோய். அவ்வாறே காரணமற்ற அச்சமும் நெஞ்சுப் படபடப்பும் நீங்காமல் நின்று வருத்துமானால், அதுவும் நோய். காய்ச்சலைப் போல, காசத்தைப் போல, மருந்தும் முறையான ஆலோசனையும் கொண்டு தணிக்கத்தக்க நோய்.

இனி வரலாற்றைப் பார்ப்போம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில், 1794-ஆம் ஆண்டில், வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் சென்னைப் புரசைவாக்கத்தை ஒட்டிய நிலத்தில் சித்தப்பிரமை கொண்டவர்களுக்கென ஓர் இல்லத்தை அமைத்தார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இத்தகைய இல்லங்கள் அதற்கு முன்னரே இருந்தன. அது தரும சத்திரம் அன்று. கம்பெனியார் பணம் தர, மருத்துவர் நடத்திய ஏற்பாடு. காலப்போக்கில் அது அரசாங்கத்தின் நேர்ப் பொறுப்புக்கு வந்தது. 1871-இல் 145 நோயாளிகளுடன் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய மனநல மருத்துவமனை அந்த இடத்திலேயே இருக்கிறது.

இங்கே மாணவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1858-இல் ஒரு சட்டமும் 1912-இல் மற்றொரு சட்டமும் இந்தியாவில் இயற்றப்பட்டன. பின்னதன் பெயர் இந்தியப் பைத்தியச் சட்டம். ஒருவரை இல்லத்தில் வைப்பதற்கு மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும் என்பது இச்சட்டங்களின் அடிப்படை. தெருவில் அலைபவரையும், பிறருக்கு ஆபத்து விளைவிப்பார் என்று கருதப்பட்டவரையும் போலீசார் பிடித்து நீதிபதியின்முன் நிறுத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சில மாகாணங்களில் இந்த இல்லங்களைச் சிறைத்துறைத் தலைவரே மேற்பார்த்து வந்தார். “இவரால் பிறருக்குத் தொல்லை உண்டா?” என்பதே சட்டம் கேட்ட கேள்வி. “இவருக்கு என்ன தொல்லை?” என்ற கேள்வி அதில் இடம் பெறவில்லை. ஓர் அரசாங்கம் எதைக் கேட்கிறதோ அதையே காண்கிறது. எதைக் காண்கிறதோ அதையே எண்ணுகிறது. நாலு சுவருக்குள் உறக்கமின்றிப் புரண்ட குடியானவரும், அடுப்படியில் தனியே கண்ணீர் விட்ட பெண்ணும் யாருக்கும் தொல்லை தராதவர்கள். ஆதலால் அவர்கள் ஏட்டில் ஏறவில்லை. 1922-இல் சென்னை இல்லத்துக்கு அரசினர் மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறிய வேகத்தில் மனப்பான்மை மாறவில்லை.

அப்படியானால் அந்தப் பலர் எங்கே சென்றார்கள்? நம் முன்னோர் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. நாட்டு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்க வைத்தார்கள். தர்காவில் மந்திரித்தார்கள், மாதா கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. வேறு கதவு எதுவும் திறந்திராத காலத்தில், துன்புற்றவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட இடங்கள் அவை. உறவினர் துணைக்கு இருந்தார்கள்; உண்ணவும் உறங்கவும் ஓர் ஒழுங்கு கிடைத்தது. அதனால் ஆறுதல் பெற்றவர் உண்டு. ஆனால் ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு. ஆறுதல் தேடிப் போன இடத்தில் சங்கிலியால் பிணிக்கப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கொடுமையின் முடிவைப் பின்னர்க் கூறுகிறேன்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1943-இல், இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1946-இல் அது தன் அறிக்கையை வெளியிட்டது. ராஞ்சியில் இருந்த ஐரோப்பியர் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் கர்னல் மூர் டெய்லர், இந்தியாவின் மனநோய் மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்து அக்குழுவுக்குச் செய்தி தந்தார். நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 10,000 படுக்கைகளே இருந்தன. அதாவது 40,000 பேருக்கு ஒரு படுக்கை. அக்காலத்து இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு படுக்கை. மக்கள் ஆயிரவரில் இருவருக்கு மருத்துவமனைச் சிகிச்சை வேண்டும் என்று கொண்டாலும், 8 இலட்சம் பேர் இருப்பார்கள் என்று குழு மதிப்பிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு படுக்கைக்கு எண்பது பேர்!

ஆனால் அந்த அறிக்கையில் இதைவிட முக்கியமான ஒரு குறிப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் முற்றாவிட்டாலும், சிகிச்சை தரப்பட வேண்டியவர்கள் பல பத்து இலட்சம் பேர் இருக்கக்கூடும் என்று அது சொல்லிற்று. கணக்கில் வராதவர்களைப் பற்றி அரசாங்க அறிக்கையொன்று இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது பெரிய செய்தி. எனினும் அது அன்று ஊகமாகவே நின்றது. அவர்களை யாரும் வீடு தேடிச் சென்று எண்ணவில்லை.

விடுதலைக்குப் பிறகு காட்சி மாறத் தொடங்கியது. போர் குழுவின் பரிந்துரையைப் பின்பற்றி 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது. டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இன்று நிம்ஹான்ஸ் என்று உலகம் அறிந்த நிறுவனம் அதன் வழி வந்ததே. மருந்துகளும் வந்தன. நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தா சித்தப்பிரமையையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் என்று கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள மருத்துவர்கள் 1931-இலேயே எழுதியிருந்தனர். அதிலிருந்து எடுக்கப்பட்ட ரிசர்பினும், பிரான்சில் கண்டறியப்பட்ட குளோர்புரோமசினும் 1952 முதல் உலகெங்கும் மனநோய் மருத்துவமனைகளின் தோற்றத்தையே மாற்றின. 1957-இல் மனச்சோர்வு நோய்க்கும் இமிப்ரமின் என்ற மருந்து பயன்படும் என்று சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோலந்து கூன் அறிவித்தார்.

மருந்துகளைவிட மனிதர்கள் செய்த மாற்றமும் குறைந்ததன்று. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் ஒரு துணிச்சலான ஏற்பாட்டைச் செய்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு அவர்களுடைய தாய் தந்தையரையும் உடன் தங்கச் செய்தார். அதுவரை உறவினரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதே மருத்துவமனைகளின் வழக்கம். உடன் தங்கிய குடும்பத்தார் நோயைப் புரிந்துகொண்டார்கள்; குணமடைந்தவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள்; தங்கள் ஊரில் மற்றவருக்கும் எடுத்துரைத்தார்கள். சென்னையில் 1961-இல் கீழ்ப்பாக்க மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பை டாக்டர் சாரதா மேனன் ஏற்றார். அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே. ஓய்வு பெற்றபின் 1984-இல் ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்து, 2021-இல் மறையும்வரை இத்துறைக்கே உழைத்தார். இத்தகையோரின் முயற்சியால் இரும்புக் கதவு சிறிது திறந்தது. ஆயினும் அந்தக் கதவுக்கு வரவே வராத பெருங்கூட்டம் வெளியே இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் கூட்டத்தைப் பற்றி அக்காலத்தில் ஒரு தவறான கொள்கை நிலவியது. மனச்சோர்வு நோய் செல்வ நாடுகளில் மட்டும் மிகுதி, உழைத்துப் பிழைக்கும் ஏழை நாட்டு மக்களுக்கு அது அரிது என்று மேல்நாட்டார் சிலர் கருதினர். நம்மவரும் “அது பணக்காரர் நோய், வயலில் வேலை செய்கிறவனுக்கு ஏது கவலைப்பட நேரம்?” என்று ஒப்புக்கொண்டனர். இக்கொள்கையை உடைத்தவை ஆய்வுகளே. மதுரையில் பேராசிரியர் வெங்கோபராவ் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளையும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று எர்ஸ்கின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். கர்நாடகக் கடற்கரையில் கோட்டா என்னும் ஊரில் ஆர். எல். கபூரும் மாரிஸ் கார்ஸ்டேர்ஸும் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 1976-இல் நூல் வெளியிட்டனர். வயலில் உழைப்போரிடமும் கடலில் மீன் பிடிப்போரிடமும் மனத்துயரின் குறிகள் இருந்தன. அவர்கள் வைத்தியரையும் மந்திரவாதியையும் நாடியதும் அந்நூலில் விரிவாகப் பதிவாகியுள்ளது.

இந்திய ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் திகைப்பே உண்டாகும். ஆயிரம் பேருக்கு 9.5 பேர் என்று ஓர் ஆய்வு கூறுகிறது. 370 பேர் என்று மற்றொன்று கூறுகிறது. ஒரே நாட்டில் இவ்வளவு வேறுபாடு ஏன்? வினாவைப் பொறுத்தே விடை அமைகிறது என்பதே காரணங்களுள் முதன்மையானது. “உங்கள் வீட்டில் சித்தம் கலங்கியவர் உண்டா?” என்று வாசலில் நின்று கேட்டால் ஒரு விடை வரும். “நன்றாக உறங்குகிறீர்களா? பசி எடுக்கிறதா? பழைய வேலைகளில் மனம் செல்கிறதா?” என்று ஒவ்வொருவரையும் தனியே அமர்த்திக் கேட்டால் வேறு விடை வரும். பழைய சட்டத்தின் கேள்வியும் பழைய கணக்கெடுப்பின் கேள்வியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உலக சுகாதார நிறுவனம் 1975-இல் தொடங்கிய ஒரு பெரிய முயற்சி இதைத் தெளிவாகக் காட்டியது. கொலம்பியா, இந்தியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு வளரும் நாடுகளில், சாதாரணச் சுகாதார நிலையங்களுக்கு வந்த 1,624 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இந்தியாவில் இதற்கு ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி என்னும் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1980-இல் முடிவு வெளியாயிற்று. வந்தவர்களில் 225 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 13.9 பேருக்கு, மனநலக் குறை இருந்தது. பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சோர்வும் பதற்றமும் போன்ற பொதுவான குறையே. ஆனால் அவர்களில் மிகப் பலர் தம் மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தலைவலி என்றார்கள், வயிற்றுவலி என்றார்கள், இருமல் என்றார்கள், உடம்பில் வலுவில்லை என்றார்கள். அங்கிருந்த சுகாதார ஊழியர்கள் மூவரில் ஒருவரையே சரியாகக் கண்டுபிடித்தனர். மற்ற இருவர் தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பினர்.

இம்முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில் ஆசிரியர்களுடைய விடுப்பு விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் என் மேசையைக் கடந்து சென்றன. காய்ச்சல், வயிற்றுவலி, இடுப்பு வலி, தலைசுற்றல் என்று காரணங்கள் எழுதப்பட்டிருக்கும். ‘மனம் சரியில்லை’ என்று ஒருவரும் எழுதியதில்லை. அத்தனை ஆண்டுகளில் அத்தனை பேரில் ஒருவருக்கும் மனம் சோரவில்லை என்று யாரேனும் நம்புவார்களா? அந்தக் காரணத்தை எழுதும் துணிவு ஒருவருக்கும் இல்லை என்பதே உண்மை. எழுதினால் அடுத்த நாள் ஆசிரியர் அறையில் கீழ்ப்பாக்கத்தின் பெயர் அடிபடும் என்பதை அவர்கள் அறிவார்கள். இதைப் பொய் என்று சொல்லவும் என் மனம் இடங்கொடுக்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை கனக்கிறது என்று மனத்துயரை உடலின் மொழியில் கூறுவது நம் பேச்சு மரபு. துன்புறுகிறவருக்கு அந்த வலி மெய்யாகவே இருக்கிறது. கேட்பவரிடம் அதைப் படித்தறியும் பயிற்சி இல்லாததே குறை.

இந்நோய் யாரை மிகுதியாகத் தாக்குகிறது? சென்னை மாநகரில் 25,455 பேரிடம் நடத்தப்பெற்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்கு 15.1 பேரிடம் மனச்சோர்வின் குறிகளைக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், வருவாய் மிகுந்தவர்களைவிட வருவாய் குறைந்தவர்களிடமும் அது மிகுதியாக இருந்தது. ‘பணக்காரர் நோய்’ என்ற பழங்கொள்கை இதனால் தவிடுபொடியாயிற்று. காரணத்தைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நாளை அடுப்பெரியுமா என்ற அச்சம், கடன்காரனின் குரல், கணவனின் குடி, நெடுநாள் நோய், வேலையின்மை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது மனம் என்னும் மேசையின் கால்கள் வளைகின்றன. வளைந்த மனத்தால் வேலை செய்ய இயலுவதில்லை. வேலை இழந்தால் வறுமை கூடுகிறது. வறுமை நோயை வளர்க்க, நோய் வறுமையை வளர்க்கிறது. வளரும் நாடுகளில் இந்நோயைப் புறக்கணிப்பது வறுமை ஒழிப்பையே புறக்கணிப்பதாகும் என்று நான் கூறுவது இதனால்தான்.

அரசாங்கமும் வாளா இருக்கவில்லை. 1982-இல் இந்தியா தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தது. வளரும் நாடுகளில் அவ்வாறு முதலில் திட்டமிட்ட சிலவற்றுள் நம் நாடும் ஒன்று. மனநல மருத்துவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைப்பதே அதன் கருத்து. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இது செய்து பார்க்கப்பட்டது. 1996-இல் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி. பின்னர் அது நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு விரிந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1987-இல் புதிய மனநலச் சட்டமும் இயற்றப்பட்டது.

இவ்வளவுக்குப் பின்னும் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் போயின. நெருப்பிலிருந்து ஓடுவதற்குக்கூட அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. நாடு அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதன்பின் வந்த சட்டங்களில் தலையாயது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அது கூறுகிறது. நோயாளியைச் சங்கிலியிட்டுக் கட்டுவதை விலக்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதி அவருக்குப் பராமரிப்பு அளிக்க வேண்டும் என்கிறது. “இவரால் என்ன தொல்லை?” என்று கேட்ட சட்டம், “இவருக்கு என்ன தேவை?” என்று கேட்பதற்கு 1858-இலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

கணக்கெடுப்பும் ஒருவாறு நிறைவேறியது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோரில் நூற்றுக்கு 10.6 பேருக்கு அந்நேரத்தில் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. இருபது பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர். உழைத்துக் குடும்பம் காக்கும் வயதாகிய முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரையில் உள்ளவர்களிடையே பாதிப்பு மிகுந்திருந்தது. இவற்றைவிட என் மனத்தைத் தைத்தது வேறொரு கணக்கு. கடும் மனநோய் உடையவர்களில் நூற்றுக்கு 73.6 பேர் சிகிச்சை பெறவில்லை. பொதுவான மனநலக் குறை உடையவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை. உரத்துக் கேட்கும் துயரத்துக்கே போதிய செவி இல்லை. ஓசையின்றி இருக்கும் துயரத்துக்கோ அதனினும் குறைவு. கம்பெனி காலத்து மதிற்சுவரின் நிழல் இன்னும் விலகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“மருத்துவர்கள் போதவில்லையே, என்ன செய்வது?” என்று கேட்கலாம். இதற்குக் கோவாவில் நடந்த ஒரு சோதனை விடையளிக்கிறது. டாக்டர் விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவினரும் 24 சுகாதார நிலையங்களில் இதை நடத்தி 2010-இல் முடிவை வெளியிட்டனர். மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் இரண்டு மாதம் பயிற்சி தந்து, மனச்சோர்வும் பதற்றமும் உடையவர்களிடம் பேசவும், நோயை விளக்கவும், தொடர்ந்து விசாரிக்கவும் பழக்கினார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மருத்துவர் மருந்து தந்தார். மனநல மருத்துவர் மேற்பார்த்தார். ஆறு மாதங்களுக்குப் பின் அரசாங்க நிலையங்களில் இவ்வுதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 65.9 பேர் தேறியிருந்தனர். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் தேறியவர் 42.5 பேர். தனியார் மருத்துவர்களின் நிலையங்களில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் கூறினர். ஏழை மக்கள் செல்லும் அரசாங்க நிலையத்தில், நம் தெருவில் வாழும் ஒரு பெண்மணிக்குப் பயிற்சி தந்தால், நூற்றுக்கு இருபத்து மூன்று பேர் கூடுதலாகத் தேறுகிறார்கள். அமிர்தசரஸில் வித்யா சாகர் அடித்த கூடாரத்தின் தத்துவமும் இதுவே. அவர் வீட்டாரை மருத்துவமனைக்குள் அழைத்தார். இவர்கள் மருத்துவத்தை அக்கம்பக்கத்தாரிடம் கொண்டுசென்றார்கள்.

மாணவச் செல்வங்களே! வரலாறு என்பது நடந்து முடிந்தவற்றின் பட்டியல் மட்டுமன்று. எவர் ஏட்டில் எழுதப்பட்டார், எவர் விடப்பட்டார் என்று கேட்கவும் அது நமக்குக் கற்பிக்கிறது. விடப்பட்டவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சில வாரங்களாகச் சரியாக உண்ணாத தந்தை, காரணமின்றிக் கண்ணீர் விடும் அத்தை, வயலுக்குப் போக மனமின்றிப் படுத்தே இருக்கும் சித்தப்பா, விடுதி அறையை விட்டு வெளியே வராத நண்பர் ஆகியோரை ‘சோம்பேறி’ என்றும் ‘நடிக்கிறார்’ என்றும் பேசுவதற்குமுன், ஒரு நாழிகை அருகில் அமர்ந்து, “உறக்கம் வருகிறதா?” என்று கேளுங்கள். அறிவுரை கூற அவசரப்படாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு அரசாங்க மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழ்வு வேண்டாம் என்ற சொல் ஒருவர் வாயிலிருந்து வந்தால் அதை விளையாட்டாக எண்ணாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே பெரியவர்களுக்கும் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். அத்தகைய எண்ணம் உங்களுக்கே தோன்றினாலும் செய்ய வேண்டியது இதுவே.

மருத்துவமனை கட்டுவது அரசாங்கத்தின் வேலை. மருந்து தருவது மருத்துவரின் வேலை. ஒரு வசைச்சொல்லை வழக்கிலிருந்து நீக்குவது மட்டும் யாருடைய சட்டத்தாலும் ஆகாது. அது உங்கள் தலைமுறையின் வேலை. ‘மனம் சரியில்லை’ என்று ஓர் ஆசிரியர் தம் விடுப்பு விண்ணப்பத்தில் அச்சமின்றி எழுதும் நாள் வரும்போது, நூற்றுக்கு எண்பத்தைந்து என்ற அந்த எண்ணும் குறையத் தொடங்கியிருக்கும்.